பழைய டிராக்டருக்கு வீட்டிலேயே பெயின்ட்: சென்னைக் காற்றுக்கு ஏற்ற முறை

வீட்டில் அடித்த டிராக்டர் பெயின்ட் ஆறே மாதத்தில் உரிகிறதென்றால், அடியில் எண்ணெய்ப் பிசுக்கோ உப்போ தங்கியிருக்கும். கலர் டப்பாவைத் திறப்பதற்குள் முக்கால் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், வேண்டாம். மே வெயிலில் தகடு கொதிக்கும். பெயின்டின் மேல்பக்கம் ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று சுருங்கிப் போகும். ஒரு நாளுக்குள் நல்ல நேரம் காலை 9 மணியிலிருந்து 12 வரை. விடிகாலையில் தகட்டில் பனி ஈரம் இருக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். சாயங்காலம் விளக்கைப் போட்டு அடித்தால் பூச்சியெல்லாம் ஈரப் பெயின்டில் வந்து ஒட்டும்.

முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு பானட், மட்கார்டு, கிரில், லைட் எல்லாவற்றையும் இறக்குங்கள். ராக்கர் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கோ சக்கர ஹப் சீலோ கசிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கசிவின் மேல் அடித்த பெயின்ட் நிற்காது.

கெட்டிப்பட்ட கிரீஸை இரும்புப் பட்டையால் சுரண்டிவிட்டு டீசலும் பிரஷும் போட்டுத் தேயுங்கள். டீசல் பிசுக்கைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு படலமாக நின்றுவிடும். அதனால் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் இரண்டு முறை கழுவ வேண்டும். டைனமோ, பிரீதர் (இன்ஜின் காற்றுப்போக்குக் குழாய்), டீசல் பம்ப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கடலோரப் பகுதிகளில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்த உப்பு தகட்டில் காய்ந்தால், பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். கடைசி அலசல் மெட்ரோ தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

துருவுக்கு 4 அங்குல கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டுங்கள், கண்ணாடி கட்டாயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள், தூள் பறக்கக் கூடாது. 80, 120, 220 என்ற நம்பர் வரிசையில் போனால் போதும். வெறும் இரும்பு வந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, விரிந்து படர்ந்தால் சுத்தம். துடைத்துக் காயவைத்து, தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை, தின்னர் காய்வதற்குள் வேறு துணியால் இன்னொரு முறை துடையுங்கள்.

சாயங்காலம் தேய்த்து விட்டுவைத்த தகடு காலையில் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். அன்றைக்கே பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். ஒரு நாளுக்கு ஒரு மட்கார்டு என்றாலும் சரி.

புதியவர்களுக்கு சிந்தெடிக் எனாமலே ஏற்றது. ஹார்டனர் (இறுக்கும் மருந்து) கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் பளபளக்கும், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும்; சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. தகடுகளுக்கும் கியர்பாக்ஸுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரே போதும். பள்ளங்களுக்குப் பட்டி வைக்கும்போது 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர் கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால்தான் கையிலேயே இறுகாது. பட்டியை வாட்டர் பேப்பரால் தேய்க்காதீர்கள், தண்ணீரைக் குடித்துவிடும். உலர்வாகத் தேய்த்து, மேலே மறுபடி பிரைமர் கொடுங்கள்.

கலர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். செம்பியத்தில் டாஃபே தயாரித்த பழைய மாசி பெர்குசன்களில் தகடு சிவப்பு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சாம்பல். வெயில் படாத இடத்தில், பானட்டின் உள்பக்கம் மாதிரி, கொஞ்சம் பாலிஷ் போட்டு அந்தத் துண்டையே கடைக்கு எடுத்துப் போய் டோன் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு நிறம் அடிப்பதானால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 35 குதிரைத்திறன் வண்டிக்குச் சிவப்பு 2 லிட்டர், சாம்பல் 2, பிரைமர் 2, தின்னர் 4 லிட்டர் வாங்கினால் பாதியில் தீர்ந்து வேலை நிற்காது.

கியர்பாக்ஸை பிரஷால் அடிக்கலாம், தகட்டுக்கு ஸ்பிரே கன். காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ, தூரம் 6 முதல் 8 அங்குலம், ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் தூவல் மாதிரி மெலிதாக. 20 நிமிடம் விட்டு முழுக் கோட். அடுத்த கோட் மறுநாள்தான். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அடித்தால் கீழ்க் கோட் சுருண்டு எழும்பும். நம் ஊர் ஈரக்காற்றில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேரும், அரை மணிக்கு ஒரு தடவை திறந்துவிடுங்கள்.

சேஸ் நம்பர் தகட்டையும், வெளியே தெரியும் பிஸ்டன் தண்டு இருந்தால் அதையும் டேப்பால் மூடுங்கள். கிரீஸ் நிப்பிளில் கிரீஸைத் தடவி விட்டால், பிறகு பெயின்டோடு துடைத்து எடுத்துவிடலாம். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சுற்றிலும் செருகுங்கள்; டேப்பைவிடச் சுத்தமாக வரும். சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட் தனியாக வாங்குங்கள். வீல் நட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக ஏறக் கூடாது. வண்டி ஓட ஓட அது நசுங்கி நட் லூசாகும். மாட்டியபின் முதல் நாள் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள்.