யாரை ஜாம்பவான் என்று எழுதலாம்?

விளையாட்டுச் செய்திகளில் இன்று அதிகம் அடிபடும் பட்டம் ஜாம்பவான். நல்ல சொல். ஆனால் எல்லாருக்கும் வாரி வழங்கி அதன் எடையைக் குறைத்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

ஜாம்பவான் யார் என்று ராமாயணத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதித் தவறுகள் போய்விடும். கரடிகளின் அரசர், வானரப் படையில் மூத்தவர். கடல் தாண்ட வேண்டிய கட்டத்தில் ஒவ்வொருவரும் தன்னால் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்று சொல்கிறார்கள். வேண்டியது 100 யோசனை (யோசனை என்பது பழங்காலத் தூர அளவு). வயதாகிவிட்டது, 90 யோசனைதான் முடியும் என்கிறார் ஜாம்பவான். இளமையில், உலகை அளக்க ஓங்கி வளர்ந்த திருமாலின் வடிவமான திரிவிக்கிரமனையே வலம் வந்தவர் அவர். அதன்பின் ஒதுங்கியிருக்கும் அனுமனிடம் போய், உன் பலம் உனக்கே தெரியவில்லை என்று எடுத்துச் சொல்லி எழுப்புகிறார். பின்னால் போரில் படையே விழுந்து கிடக்கும்போது, மருந்து மலைக்கு அனுமனை அனுப்புபவரும் இவர்தான்.

ஆக, இந்தப் பெயருக்குள் வெறும் திறமை மட்டும் இல்லை. நீண்ட அனுபவம் இருக்கிறது. அடுத்தவரின் பலத்தை அறிந்து சொல்லும் பெருந்தன்மையும் இருக்கிறது.

அதனால்தான் ஒரே தொடரில் கலக்கிய இளைஞருக்கு இந்தப் பட்டம் பொருந்தாது. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். பெரிய சாதனை. அவரை உலக சாம்பியன் என்றே எழுதலாம், அதைவிடப் பெரிய பட்டம் எதற்கு? செஸ் ஜாம்பவான் என்றால் அது விஸ்வநாதன் ஆனந்த். 1988-இல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலக சாம்பியன், அதற்குப் பிறகு குகேஷ் உட்பட இளையவர்களுக்கு வழிகாட்டி. கதையில் வரும் ஜாம்பவானின் வேலையையே இவரும் செய்திருக்கிறார். பெலேவும் அப்படித்தான்: 1958-இல் உலகக் கோப்பை வென்ற 17 வயதுப் பையனை அற்புதம் என்னலாம், 1962, 1970 என்று மேலும் இரண்டு கோப்பைகளில் பங்குபெற்ற பிறகுதான் ஜாம்பவான். 'வளரும் ஜாம்பவான்', 'இளம் ஜாம்பவான்' என்பதெல்லாம் முன்னுக்குப் பின் முரண். 'மூத்த ஜாம்பவான்' என்பதில் மூத்த என்பது மிகை.

பெண்களுக்கு என்ன எழுதுவது என்ற குழப்பம் பலருக்கு உண்டு. சிலர் பெண்பால் வேண்டுமே என்று ஜாம்பவதி என்று போட நினைக்கலாம். வேண்டாம். ஜாம்பவதி ஜாம்பவானின் மகள், கிருஷ்ணனை மணந்தவள்; அது வேறொருவரின் பெயர். பட்டமாக வரும்போது ஜாம்பவான் இருபாலுக்கும் பொது என்று வைத்துக்கொள்வதே சரி. 1999 முதல் 2022 வரை ஆடி, ஒருநாள் போட்டிகளில் 7,805 ரன் எடுத்த மிதாலி ராஜை 'கிரிக்கெட் ஜாம்பவான்' என்று தயங்காமல் எழுதலாம். முன்னால் 'மகளிர்' என்று ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

துறையைச் சொல்ல மறக்காதீர்கள். வெறுமனே 'ஜாம்பவான் முரளிதரன்' என்பதைவிட 'சுழற்பந்து ஜாம்பவான் முரளிதரன்' என்றால் 800 டெஸ்ட் விக்கெட்டுகளும் கண்முன் வந்து நிற்கும்.

பெரிய கம்பெனிகளைத் 'தொழில்நுட்ப ஜாம்பவான்' என்று எழுதுவது பரவிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை, ஜாம்பவான் ஓர் ஆள், கூட்டமோ கட்டடமோ அல்ல. பெருநிறுவனம் என்றால் போதுமே. அதேபோல் மோசடிப் பேர்வழிகளுக்கும் இது ஆகாது. 'மோசடி மன்னன்' என்று காலங்காலமாக எழுதி வருகிறோம், அதுவே இருக்கட்டும். ஜாம்பவான் என்பதில் மரியாதை கலந்திருக்கிறது.

அப்புறம் எழுத்துப்பிழை. ஜாம்பாவான், ஜாம்பவன் இரண்டும் தவறு. பன்மை ஜாம்பவான்கள், வேற்றுமை சேர்ந்தால் ஜாம்பவானை, ஜாம்பவானுக்கு, ஜாம்பவானின். 'ஆன்' என்று முடிவதால் மரியாதை குறைகிறதோ என்று தயங்க வேண்டாம், அது பெயரின் பகுதி. வினைமுற்றில் மரியாதையைக் காட்டுங்கள்: 'கால்பந்து ஜாம்பவான் பெலே காலமானார்.'