கிரீட் தீவில் தங்க இடம் பிடிப்பது எப்படி?

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கி.மீ. நீளம் கொண்டது கிரேக்கத்தின் கிரீட். தீவுதானே, எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்து அறை பிடிப்பவர்கள் விடுமுறையில் பாதியைக் காரிலேயே கழிக்கிறார்கள். விலையையும் படங்களையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஊரை முடிவு செய்யுங்கள்.

எலஃபோனிசி, பாலோஸ் கடற்கரைகளும் சமாரியா பள்ளத்தாக்கும் மேற்கே இருக்கின்றன. அவற்றுக்குச் சானியா வசதி. க்னோசோஸ் அரண்மனைக்கு ஹெராக்லியோன். ஸ்பினாலோங்கா கோட்டைத் தீவுக்கு எலுண்டா அல்லது ஆகியோஸ் நிகோலாவோஸ். சானியாவிலிருந்து ஹெராக்லியோனுக்குப் பேருந்தில் போகவே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஏழு இரவுகள் இருந்தால் சானியாவில் நான்கு, ஹெராக்லியோன் பக்கம் மூன்று என்று பிரிப்பது நல்லது. இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருப்பதால் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிவிடலாம்.

கார் எடுக்காதவர்கள் வடக்குக் கரையிலேயே தங்குங்கள். பேருந்து அங்கேதான் அடிக்கடி ஓடுகிறது. தெற்குக் கரையில் லூட்ரோ அழகான ஊர், ஆனால் சாலை கிடையாது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். காற்று பலமாக வீசினால் படகு நின்றுவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிக் கிரேக்கர்களே குடும்பத்தோடு தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரம் வேண்டுமென்றால் பிப்ரவரிக்குள் பதிவு செய்துவிடுங்கள். மே கடைசியும் செப்டம்பரும் எங்கள் பரிந்துரை. நவம்பர் முதல் மார்ச் வரை கடற்கரை ஊர்களில் பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும். சானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் நகரங்களில் இடம் கிடைக்கும்.

வீட்டை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் ஏ.எம்.ஏ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய கால வாடகை வீடுகளுக்கு வரித்துறை தரும் பதிவு எண் அது. விளம்பரத்தில் காட்ட வேண்டியது சட்டம். எண்ணைக் கேட்டும் வரவில்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்து, 'நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் விலை குறைப்பேன்' என்பவரிடமும் இதே முடிவுதான். பணம் பதிவுத் தளத்துக்கு வெளியே போய்விட்டால் மீட்பது மிகக் கடினம்.

காட்டும் விலைக்கு மேல் அரசின் காலநிலைக் கட்டணம் ஒன்று உண்டு. 2025 முதல், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர விடுதி அறைக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. வாடகை அபார்ட்மென்ட்டுக்கு 8. பெரும்பாலும் போய்ச் சேர்ந்ததும் கேட்பார்கள். ஏழு இரவுக்கு 56 யூரோ என்றால், மலிவாகத் தெரிந்த வீடு அப்படி மலிவில்லை.

'கடலிலிருந்து 300 மீட்டர்' என்பது பெரும்பாலும் நேர்கோட்டு அளவு. நடுவே மேடோ நெடுஞ்சாலையோ இருக்கலாம். கூகுள் மேப்பில் நடைவழி போட்டுப் பாருங்கள். சானியா பழைய நகரத்துச் சந்துகள் பலவற்றில் கார் நுழையாது, பெட்டியைக் கல்தளத்தில் இழுத்துப் போக வேண்டும். படுக்கையறைக்குச் செங்குத்தான குறுகிய படிகளும் இருக்கலாம். பெரியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் பக்கத்திலுள்ள நியா ஹோரா பகுதி நல்லது: மணல் கடற்கரை உண்டு, துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். விமர்சனங்களில் குறைந்த மதிப்பெண் தந்தவற்றை முதலில் படியுங்கள், அதுவும் ஜூலை, ஆகஸ்டில் எழுதியவற்றை. ஏசியும் இரவுச் சத்தமும் எப்படி என்பது அப்போதுதான் தெரியும்.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையையே எடுங்கள். உறுதிச் சீட்டில் எல்லோர் பெயரும் வரும்படி கேட்டு வாங்குங்கள். ரத்துக்கான கெடு கிரேக்க நேரப்படிதான். கோடையில் அங்கே நள்ளிரவு என்றால் இந்தியாவில் அதிகாலை 2.30.

விமானம் இரவில் இறங்குகிறதென்றால் வரும் நேரத்தை உரிமையாளருக்கு முன்கூட்டியே எழுதி, சாவிப்பெட்டி எங்கே இருக்கிறது, அதன் எண் என்ன என்று கேட்டு, பதிலைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும்போது இணையம் கிடைக்காமல் போகலாம்.