வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தால்: குடும்ப வரலாற்றைத் திரட்டும் முறை

கருக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. ஸ்கேன் கருவி வயிற்றை அழுத்தும்போது துடிப்பு சில விநாடிகள் தளர்ந்து மீண்டால் அஞ்ச வேண்டியதில்லை. 110க்குக் கீழேயே நிலைத்திருந்தாலோ, அந்தந்த வாரத்துக்கு உரியதைவிட ஒவ்வொரு முறையும் குறைந்தே காணப்பட்டாலோ, கருவின் இதயத்துக்கான எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்க்கும்) பரிசோதனை தேவை. குழந்தையின் அசைவும் குறைந்திருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எக்கோவுக்குப் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குப் புறப்படும்போது, இரு வீட்டாரிடமும் மூன்று தலைமுறைச் செய்திகளைக் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆச்சிமார்களுக்கே இவை நன்றாக நினைவிருக்கும். நாற்பது வயதுக்குள் திடீரென இறந்தவர், ஓடும்போதோ திடீர்ச் சத்தத்திலோ மயங்கி விழுந்தவர், வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டும் குணமாகாதவர், பிறவியிலேயே காது கேளாதவர், இளவயதில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் என யாரையும் விடாதீர்கள். தாமிரபரணியில் நீந்திப் பழகிய ஒருவர் காரணமின்றி மூழ்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். நீச்சலின்போது இதயத்தை நிலைகுலையச் செய்யும் மரபணுக் கோளாறு ஒன்று உண்டு.

அதுவே நீள் க்யூடி நோய். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் தயாராவதற்கு இதில் அதிக நேரம் பிடிக்கிறது. கருவில் இது பெரும்பாலும் மந்தமான துடிப்பாக மட்டுமே தெரியும். கேசிஎன்க்யூ1, கேசிஎன்எச்2, எஸ்சிஎன்5ஏ ஆகிய மரபணுக்களின் மாற்றமே முக்கியக் காரணம். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். ஆகவே கணவன், மனைவி இருவருக்கும் இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு குறைந்த இந்தச் சோதனையே பல வேளைகளில் விடையைத் தந்துவிடும். இசிஜி சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவர் கேட்பது குறை காண்பதற்கு அன்று. கேசிஎன்க்யூ1 அல்லது கேசிஎன்இ1 மரபணுவில் ஒரே மாற்றத்தை இருவரும் சுமந்தால், காது கேளாமையுடன் கடுமையான நீள் க்யூடி ஒவ்வொரு கருவிலும் 25 சதவீத வாய்ப்புடன் வரக்கூடும்.

எல்லாம் மரபணுவால் வருவதுமில்லை. தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே அவர் இரத்தத்திலுள்ள ரோ எதிர்ப்பொருள் (நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலுக்கே எதிராக உருவாக்கும் புரதம்) கருவின் இதய மின்பாதையைச் சிதைத்து, துடிப்பை 50, 60 என்று இறக்கிவிடலாம். அதற்கான இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

நீள் க்யூடி என ஐயம் எழுந்தால், வாந்திக்குத் தரப்படும் ஒண்டான்செட்ரான், கிருமித்தொற்றுக்குத் தரப்படும் அசித்ரோமைசின் போன்ற, க்யூடியை மேலும் நீட்டக்கூடிய மருந்துகளைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை பிறந்ததும் இசிஜியும் செவித்திறன் சோதனையும் செய்ய வேண்டும் என்பதைப் பிரசவக் குறிப்பேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.