இரண்டு கைக்குழந்தைகளை ஒரே பாயில் விளையாட விடுவது எப்படி

எங்கள் பையனுக்கு அப்போது 11 மாதம். மாடி வீட்டு அக்காவின் பெண்ணுக்கு ஒரு வயது தாண்டி இரண்டு மாதம். இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்தோம். அவள் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, கரண்டியால் டங் டங் என்று தட்டினாள். இவன் வாயைத் திறந்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, எதையும் தொடக்கூட இல்லை. இவன் விளையாடவே மாட்டேங்கிறானே என்று எனக்கு ஒரே கவலை. இரண்டு நாள் கழித்து நான் சமையலறையில் இருக்கும்போது, கீழ்த்தட்டில் இருந்த டப்பா ஒன்றை இழுத்துக் கவிழ்த்து, கரண்டி கிடைக்காததால் உள்ளங்கையாலேயே தட்டத் தொடங்கினான்.

அதனால் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வேடிக்கை பார்க்கிற குழந்தை சும்மா இல்லை. ஹன்னா, மெல்ட்சாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றேகால், ஒன்றரை வயதுக் குழந்தைகள் காப்பகத்தில் இன்னொரு குழந்தை ஒரு பொம்மையை வைத்து என்ன செய்தது என்று பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தங்கள் வீட்டில் அதையே செய்து காட்டினார்கள். சொல்லிக்கொடுத்தது பெரியவர்கள் இல்லை, அதே வயதுக் குழந்தை.

சரி, எப்படி ஆரம்பிப்பது? தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் நேரம் பாருங்கள். முதல் சில தடவை இரண்டே குழந்தைகள் போதும், ஐந்தாறு பேர் கூடினால் சத்தத்திலேயே மிரண்டுவிடும். புதிது புதிதாக ஆள் தேடுவதைவிட அதே குழந்தையோடு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உட்கார வைப்பது நல்லது, பழகின முகத்தோடுதான் குழந்தை துணிந்து விளையாடும். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லையென்றால், தடுப்பூசி போடப் போகும்போது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். 6, 10, 14 வாரம் என்று ஒரே கணக்கில் வருகிறவர்கள் என்பதால், அவர்களில் சிலர் மடியில் இருப்பது உங்கள் குழந்தையின் வயதாகவே இருக்கும்.

மூன்று நான்கு மாதக் குழந்தைகள் என்றால் எதிரெதிரே குப்புறப் படுக்க வையுங்கள், முகம் பார்க்கட்டும். தவழும் வயதில் ஒன்றின் மூக்கை ஒன்று பிடிக்கும், முடியை இழுக்கும். அது சண்டை இல்லை, இது என்னவென்று தொட்டுப் பார்க்கிறது. முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள். கழுத்துச் சங்கிலி, வசம்பு வளையல் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், தன் கையில் இருப்பதைவிட அடுத்தவர் கையில் இருப்பதுதான் வாய்க்குப் போகும்.

பாயில் நாலைந்து சாமான் போதும். எதுவாக இருந்தாலும் இரண்டு இரண்டாக வையுங்கள்: இரண்டு டம்ளர், இரண்டு கரண்டி, இரண்டு பந்து. வாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் வேண்டாம். காசு, பொத்தான் பேட்டரி, பலூன், நிலக்கடலை, சின்னச் சின்ன சொப்பு எல்லாம் கண்ணிலேயே படக்கூடாது.

அப்புறம் நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, பேசாமல் இருங்கள். நமக்கு இதுதான் வராது. ‘பாப்பாவுக்குக் குடுடா’, ‘அக்காவோட சேர்ந்து விளையாடு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்போம், குழந்தை அங்கே பார்க்காமல் நம் முகத்தைப் பார்க்கும். சேர்ந்து விளையாடுவது இந்த வயசில் வராது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-இலேயே, குழந்தைகள் விளையாடுவதைப் பல வகையாகப் பிரித்து எழுதினார். மற்றவர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது அதில் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது இன்னொன்று. உங்கள் பாயில் இந்த இரண்டும்தான் அதிகம் நடக்கும்.

பிடுங்கினால் உடனே பாயாதீர்கள். பத்து எண்ணுங்கள். பாதி நேரம் பறிகொடுத்த குழந்தை அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடும், அல்லது எட்டிப் பிடித்து இழுத்துத் திரும்ப வாங்கிவிடும். தான் இழுத்தால் அந்தப் பக்கமும் ஒருவர் இழுப்பார் என்பது பொம்மையிடம் கிடைக்காத பாடம். ஒரு வயதுக் குழந்தையிடம் வலுக்கட்டாயமாக வாங்கி அடுத்ததுக்குக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. பகிர்ந்துகொள்ள அது கற்பிக்காது, பெரியவர்களும் பிடுங்குவார்கள் என்றுதான் கற்பிக்கும்.

கடித்தாலோ அடித்தாலோ மட்டும் பொறுக்க வேண்டாம். நடுவில் கையை விடுங்கள், கடிபட்டதை முதலில் தூக்கிச் சமாதானம் செய்யுங்கள், கடித்ததிடம் ‘கடிக்கக் கூடாது, வலிக்கும்’ என்று ஒரே தடவை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அடிக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். பேச்சு வராத வயதில் பல்தான் முந்துகிறது. அந்தக் குழந்தைக்குப் ‘பொல்லாதது’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள், அதன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் தயங்காமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அரை மணி நேரம் போதும். ஒன்று அழ ஆரம்பித்தால் மற்றதும் அழும், பிறந்து சில நாளே ஆன குழந்தைகூட இன்னொரு குழந்தையின் அழுகை கேட்டு அழும். அதனால் ஒன்று கண்ணைக் கசக்க ஆரம்பித்ததுமே பாயைச் சுருட்டிவிடுங்கள்.