‘விமானத்தில் செல்லலாம்’ என்ற ஒரு வரி போதாது: காயம்பட்ட பயணியை ஊருக்கு அழைத்து வருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்துக்குச் சுற்றுலா போனவர் கிராபியிலோ புக்கெட்டிலோ வாடகை ஸ்கூட்டரிலிருந்து விழுகிறார். தொடை எலும்பு முறிவு, கூடவே இரண்டு மூன்று விலா எலும்புகள். அறுவை சிகிச்சை அங்கேயே முடிகிறது. அடுத்து சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளி மேசையில் இருப்பவரானாலும், உடன் பறக்கும் நர்ஸானாலும், டிராவல் ஏஜென்டானாலும், பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்ட மைத்துனரானாலும் கதை அதேதான். பாஸ்போர்ட்டை மறப்பது, விமான நேரத்தைத் தப்பாகப் படிப்பது போன்ற பொதுவான தவறுகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

பணம் திரும்பாத டிக்கெட்

விமான நிறுவனத்திடம் மருத்துவ அனுமதி கேட்க புக்கிங் எண் வேண்டும். ஆகவே புக் செய்யுங்கள், ஆனால் தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டாக எடுக்காதீர்கள்.

ஒரு வரிச் சான்றிதழ்

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் லெட்டர்ஹெட்டில் “நோயாளி நிலையாக இருக்கிறார், விமானத்தில் செல்லலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை ஸ்கேன் செய்து விமான நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது சிகிச்சை தந்த டாக்டர் அல்ல, விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு. அவர்கள் நோயாளியை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். நடுவானில் மூச்சுத் திணறி விமானத்தை வேறு ஊரில் இறக்க நேருமோ என்பதுதான் அவர்கள் கவலை. அதற்கு ‘நிலையாக இருக்கிறார்’ என்பது பதிலே அல்ல. அவர்களுக்கு எண்களும் தேதிகளும் வேண்டும். அதைக் கேட்கத்தான் ‘மெடிஃப்’ எனப்படும் மருத்துவத் தகவல் படிவம் இருக்கிறது. புறப்பாட்டுக்கு 48 முதல் 72 மணி நேரம் முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

கிராபி நோயாளி ஒருவரின் விஷயம் எப்படிக் கெட்டது என்று பாருங்கள். விலா எலும்பு குத்தி நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, நெஞ்சில் குழாய் போட்டு எடுத்திருந்தார்கள். கடிதத்தில் குழாயை எடுத்த தேதி இல்லை. எடுத்த பிறகு எக்ஸ்ரே பார்த்தார்களா என்பதும் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை விமான நிறுவனத்திடமிருந்து ஒரே கேள்வி: நுரையீரல் முழுதாக விரிந்தது உறுதியானது எந்தத் தேதியில்? அங்கே ஷிஃப்ட் மாறி, பழைய எக்ஸ்ரேயைத் தேடி, பதில் வர விடிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் பொருத்தும் நேரம் அதற்குள் போய்விட்டது. பயணம் ரத்து. ஸ்ட்ரெச்சருக்காக வாங்கிய சீட்டுகள், இரண்டு ஊரிலும் பேசி வைத்த ஆம்புலன்ஸ், சென்னையிலிருந்து போய் ஹோட்டலில் காத்திருந்த டாக்டரும் நர்ஸும், மருத்துவமனையில் கூடுதல் நாட்களுக்கான அறை வாடகை என்று எல்லாம் இரட்டிப்பு. இந்த இரண்டாம் பில்லுக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

இதைவிடக் கொடுமை, அந்தப் பதில் வந்தபோது தெரிந்த விஷயம்: அவர் அந்தத் தேதியில் பறந்திருக்கவே கூடாது. நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரே காட்டிய நாளிலிருந்து குறைந்தது 7 நாள் பொறுக்க வேண்டும். அடிபட்டதால் வந்தது என்றால் 14 நாள் கேட்பவர்களும் உண்டு. கணக்கு தொடங்குவது குழாயை எடுத்த நாளிலிருந்து அல்ல, எக்ஸ்ரே தேதியிலிருந்து.

ஆகவே டாக்டர் முன்னால் படிவத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் கேட்டு எழுதி வாங்குங்கள். காயம்பட்ட தேதி, அறுவை சிகிச்சை தேதி, என்ன செய்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் சாதாரணக் காற்றில் ரத்த ஆக்சிஜன் அளவு எவ்வளவு, என்று எடுத்தது. ஹீமோகுளோபின் எவ்வளவு: தொடை எலும்பு முறிவில் ரத்த இழப்பு அதிகம், 8-க்குக் கீழே இருந்தால் கேள்வி நிச்சயம். சீட்டை நிமிர்த்தி வைத்து உட்கார முடியுமா, ஏனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்க்க விடமாட்டார்கள். முழங்கால் மடங்குமா. கழிப்பறைக்குத் தானாகப் போவாரா, தானாகச் சாப்பிடுவாரா. விமானப் பணிப்பெண்கள் ஊசி போடமாட்டார்கள், தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோகவும் மாட்டார்கள். அதற்கு யார் உடன் வருகிறார் என்று பெயரும் தகுதியும் எழுதியிருக்க வேண்டும்.

தாய்லாந்து ஆவணங்களில் இன்னொரு பொறி உண்டு. அங்கே மருத்துவமனைத் தாள்களில் பெரும்பாலும் பௌத்த ஆண்டுதான் இருக்கும். 2025 என்பது 2568. எக்ஸ்ரேயின் மேல் ‘12/4/68’ என்று இருப்பதை அப்படியே படிவத்தில் எழுதி அனுப்பினால், மறுமுனையில் இருப்பவர் குழம்பித் திருப்பி அனுப்புவார். 543-ஐக் கழித்து, மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

அனுமதி வந்த பிறகும் வேலை முடியவில்லை. அது அந்த விமானத்துக்கு, அந்தத் தேதிக்கு மட்டும். நடுவில் காய்ச்சல் வந்தாலோ ஆக்சிஜன் தேவை கூடினாலோ மறுபடி எழுத வேண்டும். கிராபியிலிருந்து பாங்காக்குக்கு ஒரு நிறுவனம், பாங்காக்கிலிருந்து சென்னைக்கு இன்னொன்று என்றால் இரண்டு அனுமதி. டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், பறப்பது வேறொன்று என்றால் பறக்கிற நிறுவனத்தின் அனுமதிதான் செல்லும்.

அடைபட்ட காற்றை மறப்பது

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பது போல இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல் இருப்பதற்குச் சமம். 8,000 அடியில் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். விமானத்தில் சிப்ஸ் பாக்கெட் உப்புகிற மாதிரிதான், ஆனால் இங்கே பாக்கெட் மண்டை ஓடாகவோ கண்ணாகவோ இருக்கலாம். தலையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், உள்ளே காற்று மிச்சமில்லை என்று சிடி ஸ்கேன் சொல்ல வேண்டும். விழித்திரை அறுவையில் வாயு செலுத்தியிருந்தால், எந்த வாயு என்று கேளுங்கள். சில வாயுக்கள் கரைய 2 வாரம், சில 6 வாரம்கூட ஆகும். அதுவரை பறந்தால் பார்வையே போகலாம்.

மாவுக்கட்டு புதிது என்றால் 2 மணி நேரத்துக்குள்ளான பயணத்துக்கு 24 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் பொறுக்க வேண்டும். அதற்குள் போயே ஆக வேண்டுமென்றால் கட்டை மேலிருந்து கீழ் வரை இரண்டு பக்கமும் பிளந்துவிட வேண்டும். மேலோட்டமாகக் கீறினால் போதாது, உள்ளே இருக்கும் பஞ்சு வரை வெட்ட வேண்டும். கால் வீங்கிக் கட்டுக்குள் இறுகினால் நடுவானில் அதை வெட்ட யாரிடமும் கருவி இருக்காது.

உடன் போகும் நர்ஸ்கள் கவனிக்க: வெற்றிட மெத்தை (காற்றை உறிஞ்சி இறுக்கி, நோயாளியை அசையாமல் பிடித்துவைப்பது) மேலே போனதும் தளரும், பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி காற்றை உறிஞ்ச வேண்டும். மூச்சுக்குழாய்க் குழலின் பலூன் அழுத்தத்தை மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அளந்து, 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்திருங்கள்.

சொந்த சிலிண்டர்

ஏற்றமாட்டார்கள். ஆக்சிஜனை விமான நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லி வாங்க வேண்டும், அல்லது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், அனுமதிக்கப்பட்ட கையடக்கக் கான்சென்ட்ரேட்டர் கொண்டுபோக வேண்டும். பேட்டரி பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். விமான சிலிண்டர்கள் பலவற்றில் நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர் என்று இரண்டே அளவுதான். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதாதீர்கள்: எத்தனை லிட்டர், தொடர்ச்சியாகவா இடைவிட்டா என்று எழுதுங்கள். தரையில் தேவைப்படாதவருக்கும் மேலே தேவைப்படலாம். 8,000 அடியில் மூச்சிழுப்பது, தரைமட்டத்தில் 21 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பது போலத்தான். பாங்காக்கிலிருந்து ஏறியதும் ‘காத்துல ஏதோ கம்மியா இருக்கு’ என்று நோயாளி சொன்னால் அது பயமாக மட்டும் இருக்காது.

முன்வரிசை சீட் கேட்பது

கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று முன்வரிசையைக் கேட்டு வாங்குவார்கள். அங்கே கைப்பிடி நிலையாக இருக்கும், மேலே தூக்க வராது. சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார வேண்டியவருக்கு அதுவே சுவர். முழங்கால் மடங்காதவருக்குப் பிசினஸ் வகுப்பு, அல்லது ஒரே வரிசையில் மூன்று சீட். காலை நடைபாதையில் நீட்ட விடமாட்டார்கள், அவசர வழி வரிசையும் கிடையாது.

வீல்சேர் என்று மட்டும் சொல்வதும் இதே வகை. படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்பது ஒரு குறியீடு. படி ஏற முடியாது, சீட் வரை நடப்பார் என்பது இன்னொன்று. சீட் வரை தூக்கியே கொண்டுபோக வேண்டும் என்பது மூன்றாவது. தொடை எலும்பு முறிவுக்காரருக்கு முதல் குறியீட்டைப் போட்டால் விமானத்தின் வாசலில், நடைபாதைக்குள் நுழையும் ஒல்லி நாற்காலி காத்திருக்காது.

படுத்தேதான் வர வேண்டுமென்றால் ஸ்ட்ரெச்சர். சாதாரண வகுப்பில் 6 முதல் 9 சீட்டுகளின் முதுகை மடக்கி அதன் மேல் பொருத்துவார்கள், அத்தனைக்கும் கட்டணம் உண்டு. மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் ஸ்ட்ரெச்சரே கிடையாது. இதை முதல் நாளே விசாரியுங்கள்.

இன்ஷூரன்ஸுக்குக் கடைசியில் சொல்வது

பாலிசியில் இருக்கும் உதவி எண்ணை முதல் நாளே அழைக்க வேண்டும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் குடும்பமே ஏர் ஆம்புலன்ஸ் பிடித்துவிட்டு பில்லை அனுப்பினால் பணம் வருவது அரிது. ஸ்கூட்டர் விபத்தில் அவர்கள் முதலில் கேட்பது இருசக்கர வாகன வகைக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. கார் வகை மட்டும் இருந்தால் மறுப்பு வரும். மது பரிசோதனை முடிவையும் கேட்பார்கள். பணமே இல்லாத நிலையில் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வேறு வழியற்ற இந்தியர்களுக்கென இந்திய சமூக நல நிதி 2009 முதல் தூதரகங்களில் இருக்கிறது. அது உரிமையாக வருவதல்ல, நிலைமையைக் காட்டிக் கேட்க வேண்டியது.

ஓவர்ஸ்டே

விசா முடிந்தும் தாய்லாந்தில் தங்கினால் அபராதம் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. விசா முடியும் முன்பே மருத்துவமனைக் கடிதத்தோடு நீட்டிப்பு கேளுங்கள்.

மார்ஃபின்

எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கான அனுமதித் தாள் இல்லாமல் பையில் வைக்காதீர்கள்.

படுக்கை உறுதியாகாமல் புறப்படுவது

‘சென்னையில பாத்துக்கலாம்’ என்பார்கள். பார்த்துக்கொள்ள முடியாது. எந்த டாக்டரின் பெயரில் அட்மிஷன், எந்த வார்டு என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவர் என்பதால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி இருக்கிறதா என்று பரிசோதித்து, முடிவு வரும் வரை தனி அறையில் வைக்கலாம். அந்தத் தனி அறை காலியா என்று கேளுங்கள். பாங்காக்கிலேயே மாதிரி எடுத்து முடிவைக் கையில் கொண்டுவந்தால் நேரம் மிச்சம். விமானத்தின் அருகே ஆம்புலன்ஸ் வர விமான நிலைய அனுமதி வேண்டும். ஓட்டுநரின் விவரங்களையும் வண்டி எண்ணையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் வண்டி மாற்றினால் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

கூடவே ஃபைலில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஸ்கேன் படங்கள் சிடியில், அறுவை சிகிச்சைக் குறிப்பு ஆங்கிலத்தில், எலும்புக்குள் வைத்த உலோக ராடின் தயாரிப்பாளர் பெயரும் அளவும் உள்ள ஸ்டிக்கரின் நகல். ராடை எடுக்க வேண்டி வந்தால் அந்தத் தயாரிப்புக்குப் பொருந்தும் கருவிதான் வேண்டும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் சென்னை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும்.