பணிநீக்கத்துக்குப் பின் லிங்க்ட்இன், நௌக்ரி பக்கங்களை எப்படித் திருத்துவது?

ஆட்குறைப்பில் வேலை போன அன்று இரவே லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து மாற்றக் கை பரபரக்கும். அன்று எதையும் தொடாமல் இருப்பது நல்லது. கையில் உள்ள கடிதத்தில் கடைசிப் பணிநாள் எது என்பதை முதலில் பாருங்கள். எச்.ஆர். உங்களை அழைத்துச் செய்தியைச் சொன்ன நாளும் கடைசிப் பணிநாளும் பல நிறுவனங்களில் ஒன்றாக இருப்பதில்லை. மடிக்கணினியை வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும், நோட்டீஸ் காலம் முடிந்து சம்பளப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும்வரை நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான் என்பதால், அதுவரை பக்கத்தில் ‘தற்போது’ என்று இருப்பதில் தவறில்லை.

அந்த இடைப்பட்ட நாட்களில் லிங்க்ட்இன் கணக்கு அலுவலக மின்னஞ்சலோடு இணைந்திருந்தால் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள். அலுவலக அஞ்சல் முடங்கிய பிறகு கடவுச்சொல் மறந்துபோனால் பெரும் பாடாகிவிடும். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். எனக்கு வேலை போனபோது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே லிங்க்ட்இனில் ஒரு பதிவைப் போட்டுவிட்டேன். அதைப் பார்த்த சித்தப்பா மகன் நல்லெண்ணத்தோடு அம்மாவுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்ல, அம்மாவுக்கு விஷயமே அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் நானே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

கடைசிப் பணிநாள் கடந்ததும் முடிவுத் தேதியைப் போட்டுவிட வேண்டும். கேள்வி வருமே என்ற அச்சத்தில் பலர் மாதக்கணக்கில் ‘தற்போது’ என்றே விட்டுவைக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்கு அனுப்பும்போது ரிலீவிங் லெட்டரையும் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். அடையாள எண் வழியாக பி.எஃப். விவரங்களையும் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பி.எஃப். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதச் செலுத்துதலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும் என்பதால், எந்த மாதத்தோடு அது நின்றது என்பதை மறைக்க வழியில்லை. லிங்க்ட்இன், நௌக்ரி, ரெஸ்யூமே ஆகிய மூன்றிலும் உள்ள மாதமும் ஆண்டும் ரிலீவிங் லெட்டரில் உள்ளதோடு ஒத்துப்போகட்டும். பழைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் செலுத்துதலிலிருந்து 2 மாதம் கழிந்தபின் பி.எஃப். நிதியை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் உறுப்பினர் தளத்தில் நீங்களே பதியலாம்.

வேலை போன காரணத்தை அனுபவப் பகுதியில் எழுதத் தேவையில்லை. ஆட்குறைப்புதான் என்றாலும் ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அப்படி நடந்திருந்தால், நேர்காணலில் கேட்கும்போது ‘குழுவைக் குறைத்தார்கள், விலகும்படி கேட்டுக்கொண்டார்கள்’ என்று சொல்லுங்கள். அது உண்மை, கடிதத்தோடும் முரண்படாது. இழப்பீட்டுக்காக ஏதேனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், நிறுவனத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதைத் தடுக்கும் பிரிவு அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் எந்தப் பதிவும் போடாதீர்கள்.

முடிவுத் தேதி போட்டாலும் பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரி தானாக மாறாது. பழைய நிறுவனத்தின் பெயரோடு அப்படியே நிற்கும். அதைத் தனியே திருத்த வேண்டும். அந்த வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. அத்தனை இடத்தையும் ‘வேலை தேடுகிறேன்’ என்பதற்குக் கொடுத்துவிடக் கூடாது. ரெக்ரூட்டர்கள் திறனையும் ஊரையும் போட்டுத்தான் தேடுகிறார்கள். ‘ஜாவா பேக்எண்ட் டெவலப்பர், 7 ஆண்டுகள், வங்கிப் பணப்பரிமாற்ற மென்பொருள், சென்னை அல்லது பெங்களூரு, இமீடியட் ஜாயினர்’ என்ற அளவில் எழுதினால் போதும். 90 நாள் நோட்டீஸ் பரவலாக உள்ள ஐ.டி. துறையில் உடனே சேரக்கூடியவர் என்பது உண்மையான பலம். அதைத் தயங்காமல் சொல்லுங்கள். நௌக்ரியிலும் நோட்டீஸ் காலத்தை ‘15 நாள் அல்லது அதற்குக் குறைவு’ என்று மாற்றிவிடுங்கள்.

லிங்க்ட்இனின் ‘ஓப்பன் டு வொர்க்’ வசதியில் இரு வழிகள் உள்ளன: ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம், அல்லது படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம். நோட்டீஸ் காலத்தில் முதலாவது போதும். அதுவும் உங்கள் நிறுவனத்தின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன் உறுதியளிப்பதில்லை. கடைசி நாள் கடந்தபின் பச்சை வளையம் போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பதே என் கருத்து. பழைய சகாக்கள் பரிந்துரைக்க முன்வருவது அதைப் பார்த்துத்தான். இடைவெளி சில மாதங்களைத் தாண்டினால், 2022 முதல் உள்ள ‘கரியர் பிரேக்’ பகுதியில் பணிநீக்கம் என்ற வகையையே தேர்ந்தெடுத்து, அந்த நாட்களில் படித்ததையும் செய்த பணிகளையும் எழுதலாம்.

பச்சை வளையம் தெரிந்தவுடன் மோசடிக்காரர்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். கைபேசி எண்ணைப் பொதுப் பக்கத்தில் எழுதாமல் மின்னஞ்சலை மட்டும் கொடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.