கம்மி பட்ஜெட்ல ஜாலியா ஓட்ட ஒரு காரு

பெரிய பட்ஜெட் இல்லன்னா ரெண்டு டோர் ஸ்போர்ட்ஸ் கார் ஆசைய ஓரமா வச்சிட்டு செகண்ட் ஹேண்ட்ல நல்ல டர்போ ஹேட்ச்பேக் தேடுங்க, நம்மூர் ரோட்டுக்கு அதான் செட் ஆகும்.

என் சாய்ஸ் ஃபோக்ஸ்வேகன் போலோதான். 2020ல வந்த 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின்), 110 பிஎஸ் (குதிரைத்திறன்), மேனுவல் கியர் கிடைச்சா விடாதீங்க. அதுக்கு முந்தின ஜிடி 1.2ல வர்ற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் செம ஸ்பீடா மாறும், ஆனா அது டிரை கிளட்ச் (ஆயில்ல ஊறாத கிளட்ச்), சென்னை டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்தே தேஞ்சிருக்கும், அதனால டெஸ்ட் டிரைவ்ல ஆக்ஸிலரேட்டர தொடாம ஒரு பத்து நிமிஷம் நெரிசல்ல உருட்டிப் பாருங்க, முதல் ரெண்டு கியர்ல உதறுச்சுன்னா அப்பிடியே சாவிய குடுத்துட்டு வந்துருங்க. புதுசு வேணும்னா ஹூண்டாய் ஐ20 என் லைன், 120 பிஎஸ், நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக், 2023லேர்ந்து கிளட்ச் பெடலோட சரியான மேனுவலும் உண்டு. ஃபியட்டோட அபார்த் புன்ட்டோ 145 குதிரை, வெறித்தனம், ஆனா பார்ட்ஸுக்கு அலையத் தெம்பு இருக்கவங்களுக்கு மட்டும்.

எதுவானாலும் காலைல இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி போய் பாருங்க, ஓனர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா கொஞ்சம் உஷாரு. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ரீமேப் (பவர் ஏத்த இன்ஜின் சாஃப்ட்வேர மாத்தறது) பண்ணிருக்கான்னு நேராவே கேளுங்க. ஆர்சில லோன் பாக்கி இருந்தா பேங்க் தர்ற ஆட்சேபனை இல்லா சான்று (என்ஓசி) கைக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க.